சேகோ ஆலைத் தொட்டிகளுக்கு விஷவாயு சென்சார்: எதைச் செய்யலாம், எதை நம்பலாம்?

கேள்வி: அண்ணா, சேலத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருடம் படிக்கிறேன். ஆத்தூர், தலைவாசல் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்பவர்களுக்காக விஷவாயுவைக் காட்டும் சின்னக் கருவி செய்ய நினைக்கிறேன். எம்க்யூ-135 என்ற மலிவு வாயு சென்சார் போதுமா? அல்லது நானோ பொருள் தயாரித்து நாமே சென்சார் செய்தால் இன்னும் நுண்ணிய அளவைக் காட்டுமா?

பதில்:

தம்பி, எம்க்யூ-135 இதற்கு உதவாது. நானோ சென்சாரை நீங்களே செய்யலாம், அது நல்ல ஆய்வகப் பாடம். ஆனால் தொட்டி ஓரத்தில் வைக்கும் கருவிக்குள் இருக்க வேண்டியது மின்வேதி செல், அதாவது வாயு பட்டால் அதற்கேற்ற மின்னோட்டம் தரும் சிறு செல். சிறிதாகவும் நுண்மையாகவும் செய்வது இன்று பெரிய சவாலே இல்லை. ஈரமும் வெக்கையும் புளித்த ஆவியும் நிறைந்த இடத்தில், ஒரே ஒரு வாயுவை மட்டும், தினமும் ஒரே மாதிரி சொல்ல வைப்பதுதான் சவால். உங்கள் உழைப்பில் முக்கால் பங்கு அங்கேதான் போக வேண்டும்.

முதலில் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) அரைத்து மாவைப் பிரித்த பிறகு வெளியேறும் தண்ணீரில் மாவுச்சத்தும் திப்பியின் (கிழங்குச் சக்கையின்) நுண்துகளும் ஏராளமாக இருக்கும். அது காற்றுப் படாமல் தேங்கினால் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்து அமிலமாக்கும். இன்னொரு வகை நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். இங்கே பிஎச் அளவுதான் முக்கியம்; அது 7-க்குக் கீழே இறங்க இறங்க அமிலத்தன்மை கூடும். பிஎச் 7-இல் கரைந்திருக்கும் சல்ஃபைடில் ஏறக்குறைய பாதிதான் வாயுவாக வெளியேறக்கூடிய வடிவில் இருக்கும். பிஎச் 5-க்கு இறங்கினால் கிட்டத்தட்ட 99 சதவீதமும் அந்த வடிவத்துக்கு வந்துவிடும். சேகோ கழிவுநீர் அமிலத்தன்மை கொண்டது. ஆகவே மேலே அமைதியாகக் கிடக்கும் சேற்றுக்குள் வாயு அடைபட்டிருக்கும், மண்வெட்டி பட்டதும் ஒரே மூச்சில் கிளம்பும். இறங்குவதற்கு முன் எடுத்த அளவு சுழியமாக இருந்தாலும், சேற்றைக் கிளறிய அரை நிமிடத்தில் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். உங்கள் கருவி ஒரு தடவை அளந்து சொல்வதாக இருக்கக்கூடாது. வேலை முடியும்வரை தொடர்ந்து அளக்க வேண்டும்.

அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகிய முட்டை நாற்றம் 1 பிபிஎம்முக்கு (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வெகு கீழேயே மூக்குக்குத் தெரியும். 100 பிபிஎம் வந்தால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர்கள் சிக்குவது இங்கேதான். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் குறிக்கும் அளவும் இதே 100 பிபிஎம்தான். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சரிவார். 700-இலிருந்து 1000-க்குள் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பலாம். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த நம் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை எட்டு மணி நேரச் சராசரிக்கு 10 பிபிஎம், குறுகிய நேரத்துக்கு 15 பிபிஎம் என்றது. அமெரிக்கத் தொழில்சுகாதார வல்லுநர் அமைப்பு இதையே 1, 5 என்று இறக்கிவிட்டது. எனவே 0 முதல் 100 பிபிஎம் வரை அளந்து, 5-இல் முதல் எச்சரிக்கையும் 10-இல் சைரனும் தரும் கருவி போதும். பில்லியனில் ஒரு பங்கைப் பிடிக்கும் நுண்மை இந்த வேலைக்குத் தேவையில்லை.

இந்த வாயு காற்றைவிட ஏறக்குறைய 1.2 மடங்கு கனமானது. அதனால் அடியில் படியும் இயல்பு உண்டு. கூடவே மீத்தேன், கார்பன் டைஆக்சைடு, ஆக்சிஜன் குறைவு ஆகிய மூன்றும் இருக்கும். கிழங்கில் இயல்பாகவே உள்ள லினமாரின் என்ற சயனைடு சேர்மம் சிதைவதால் ஹைட்ரஜன் சயனைடும் கொஞ்சம் வரலாம். ஹைட்ரஜன் சல்ஃபைடை மட்டும் அளந்துவிட்டுத் தொட்டி பாதுகாப்பானது என்று சொல்ல முடியாமல் போவதற்கு இதுவே காரணம்.

எம்க்யூ வகை ஏன் வேண்டாம்? அவற்றில் பெரும்பாலானவை 300 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கப்பட்ட டின் ஆக்சைடு. சூட்டில் அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனை எந்த எரியக்கூடிய வாயு பறித்தாலும் மின்தடை இறங்கும். எம்க்யூ-135 அமோனியா, ஆல்கஹால், பென்சீன், புகை என்று எல்லாவற்றுக்கும் அசையும். புளித்த தொட்டியில் ஆல்கஹால் ஆவியும் அசிட்டிக் அமில ஆவியும் எப்போதும் இருப்பதால் அது ஓயாமல் கத்தும். இரண்டாவது வாரத்தில் யாராவது ஒயரைப் பிடுங்கி விடுவார்கள். எம்க்யூ-136 ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கென்று விற்கப்படுகிறது, ஆனால் இந்தக் குறை அதற்கும் உண்டு. ஹீட்டருக்கு மட்டும் முக்கால் வாட்டுக்கு மேல் மின்சாரம் போவதால் பேட்டரியில் ஓட்டுவது கஷ்டம். மலிவு மாட்யூல்கள் பலவற்றில் சுமை மின்தடை 1 கிலோ ஓம் போடப்பட்டிருக்கும். தரவுத்தாள் சொல்வது அதைப்போலப் பல மடங்கு. அதை மாற்றாமல் தரவுத்தாளின் வரைபடத்திலிருந்து பிபிஎம் கணக்கிட்டால் வருவது வெறும் எண்தான். 5 வோல்ட் வெளியீட்டை இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் 3.3 வோல்ட் பின்னில் நேராகக் கொடுத்து போர்டைக் கருக்குவதும் உண்டு. இன்னொரு மௌனமான கேடு, பெட்டியை அடைக்கப் பயன்படுத்தும் சிலிக்கோன் பசை. அதிலிருந்து வரும் சிலோக்சேன் ஆவி டின் ஆக்சைடின் மேல் சிலிக்காவாகப் படிந்து சென்சாரை நிரந்தரமாக மந்தமாக்கிவிடும்.

இனி மின்வேதி செல். மூன்று மின்முனைகள், நடுவில் கந்தக அமிலம், மேலே வாயு புக ஒரு நுண்துளை. வாயு வேலை மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் 8 எலெக்ட்ரான்களை விடும். வாயு எவ்வளவோ மின்னோட்டமும் அவ்வளவு, நேர்விகிதம். செல்லைப் பொறுத்து ஒரு பிபிஎம்முக்கு ஏறக்குறைய 0.7 முதல் 2 மைக்ரோ ஆம்பியர் வரை கிடைக்கும். விலை சில ஆயிரம் ரூபாய், ஆயுள் பொதுவாக இரண்டு வருடம் அளவு. கடையில் தேதி பார்த்து வாங்குங்கள், அலமாரியில் கிடந்தாலும் ஆயுள் கரையும்.

சுற்றுக்கு டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எல்எம்பி91000 சிப்பும் (செல்லை இயக்கி அதன் மின்னோட்டத்தை வோல்ட்டாக்குவது) 16 பிட் ஏடிஎஸ்1115-உம் (அந்த வோல்ட்டை எண்ணாக்குவது) போதும். இரண்டையும் ஒரே ஐ2சி கம்பியில் மாட்டியதும் ஒன்றும் வேலை செய்யாது. காரணம், இரண்டுக்கும் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) முகவரி 48. முதல் சிப்பின் முகவரியை மாற்ற முடியாது. ஏடிஎஸ்1115-இன் முகவரிப் பின்னை விடிடியோடு (மின்வழங்கல் பின்னோடு) இணைத்து 49 ஆக்குங்கள். எல்எம்பி91000-இன் இயக்கப் பின்னைத் தரையோடு இணைத்தால்தான் அது பதில் சொல்லும். கம்பியின் வேகம் 100 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக்கூடாது. அதன் அமைப்பு ரெஜிஸ்டர்கள் மின்சாரம் வந்ததும் பூட்டிய நிலையில் இருக்கும். முதலில் 01-ஆவது ரெஜிஸ்டரில் சுழியம் எழுதித் திறக்க வேண்டும். பிறகு 10-ஆவதில் 10 (பெருக்கம் 14 கிலோ ஓம், சுமை 10 ஓம்), 11-ஆவதில் 80 (வெளி ரெஃபரன்ஸ், 20 சதவீதச் சுழியம், பயாஸ் இல்லை), 12-ஆவதில் 03 (மூன்று மின்முனை முறை). எல்லா எண்களும் பதினாறடிமானம்.

ரெஃபரன்ஸ் 2.5 வோல்ட் என்றால் சுழியம் 0.5 வோல்ட்டில் நிற்கும். செல் ஒரு பிபிஎம்முக்கு 0.8 மைக்ரோ ஆம்பியர் தருவதாக வைத்தால் 14 கிலோ ஓமில் 11.2 மில்லிவோல்ட். 100 பிபிஎம்முக்கு 1.12 வோல்ட் ஏறி 1.62-இல் நிற்கும். ஏடிஎஸ்1115-ஐ 2.048 வோல்ட் வீச்சில் வைத்தால் ஒரு படி 62.5 மைக்ரோவோல்ட், ஒரு பிபிஎம்முக்கு ஏறக்குறைய 179 படிகள். இதற்கு மேல் நுண்மை தேடி அலைய வேண்டாம்.

சுற்றில் தவறும் இடங்கள் சில உண்டு. செல்லின் கால்களில் நேராகச் சால்டர் வைத்தால் சூடு உள்ளே போய் செல் கெடும், சாக்கெட் போடுங்கள். போர்டில் ஃபிளக்ஸ் மிச்சம் இருந்தால் மழைக்காலத்தில் நானோ ஆம்பியர் கசிவு சுழியத்தை ஆட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே செல்லைப் பொருத்துங்கள். ஆல்கஹால் ஆவி செல்லையும் தற்காலிகமாகக் குழப்பும். கைக்குத் தடவும் சானிடைசரும் அப்படித்தான். மின்சாரம் இல்லாதபோது வேலை மின்முனையும் ரெஃபரன்ஸ் மின்முனையும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் செல் மின்னேற்றம் பெற்று, மறுபடி போட்டதும் நிலைக்கு வரப் பல மணி நேரம் பிடிக்கும். ஜே177 போன்ற பி-சேனல் ஜேஃபெட் ஒன்றை இரண்டுக்கும் இடையே வைத்தால், மின்சாரம் போனதும் அதுவே இணைத்துவிடும்.

வெப்பத்தைத் தனியாகக் கவனியுங்கள். சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியைத் தொடும், தகரக் கொட்டகைக்கு அடியில் வெயில்பட்ட பெட்டிக்குள் அதற்கும் மேல். செல்லின் சுழிய மின்னோட்டம் வெப்பத்தோடு நேர்கோட்டில் ஏறாது, மேலே போகப்போக வேகமாக ஏறும். 20, 30, 40 டிகிரியில் சுத்தக் காற்றில் சுழியத்தை அளந்து ஒரு அட்டவணையாக நிரலில் வையுங்கள். ஈரப்பதம் உடனடியாகத் தொந்தரவு தராது. ஆனால் வாரக்கணக்கில் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அமிலம் தண்ணீரைக் குடித்து ஊதும், கடைசியில் கசியும். வேலை முடிந்ததும் கருவியைத் தொட்டி ஓரத்திலேயே விட்டுவைக்காதீர்கள்.

கருவியைத் தொட்டிக்குள் தொங்கவிடாமல் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி அளப்பது நல்லது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். உங்கள் ரிலேயும் பிரஷ் மோட்டாரும் பொறி தருபவை. பிரஷ் இல்லாத பம்பை எடுத்துக்கொண்டு, பெட்டியைக் காற்று வரும் பக்கத்தில் சில மீட்டர் தள்ளி வையுங்கள். மூடிய பயோகேஸ் கலனுக்கு இந்தக் கருவியே வேண்டாம். குழாய் டெஃப்ளானாக இருக்கட்டும். ரப்பரும் சிலிக்கோன் குழாயும் குறைந்த அளவு வாயுவை உறிஞ்சிக்கொண்டு பிறகு மெல்ல விடும். உள்விட்டம் 4 மில்லிமீட்டர், நீளம் 6 மீட்டர் என்றால் உள்ளே 75 மில்லி காற்று. நிமிடத்துக்கு அரை லிட்டர் உறிஞ்சினால் 9 வினாடியில் செல்லுக்கு வரும். செல் 90 சதவீத அளவைத் தொட அரை நிமிடம் ஆகும். ஆகவே மேல், நடு, அடி என்று ஒவ்வொரு மட்டத்திலும் ஒன்றரை நிமிடம் நிறுத்துங்கள். பம்பைச் செல்லுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் ஒரு நீர்ப்பொறியும் (நீர்த்துளியைப் பிடித்து நிறுத்தும் சிறு கலம்) டெஃப்ளான் வடிகட்டியும் வேண்டும். ஒரு துளி தண்ணீர் நுண்துளையை அடைத்தால் கருவி சுழியத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும், சுற்றி நிற்பவர்கள் அதை நம்புவார்கள். உறிஞ்சும் பக்கத்தில் ஒரு மூட்டு தளர்ந்திருந்தாலும் வெளிக்காற்று கலந்து அளவு குறையும். ஒவ்வொரு முறையும் குழாய் நுனியை விரலால் அடைத்து, ஓட்டம் நிற்கிறதா என்று பாருங்கள்.

அளவுத்திருத்தம் இல்லாத கருவியைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். சான்றிதழோடு வரும் 25 பிபிஎம் சிலிண்டர், எஃகு ரெகுலேட்டர், நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓட்டம். பித்தளை ரெகுலேட்டர் வாயுவைத் தின்றுவிடும். சுத்தக் காற்றில் 0.500 வோல்ட், வாயுவில் 0.780 வோல்ட் வந்தால் ஒரு பிபிஎம்முக்கு 11.2 மில்லிவோல்ட் என்று பதியுங்கள். சுழியத்துக்கான காற்றை ஆலைக்குள் எடுக்காதீர்கள், கரித்தூள் வடிகட்டி வழியாக இழுங்கள். குறைந்த அளவு வேண்டுமானால் நிமிடத்துக்கு 40 மில்லி சிலிண்டர் வாயுவோடு 960 மில்லி சுத்தக் காற்று சேர்த்தால் 1 பிபிஎம். இதற்கு வாயு ஓட்டத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர் வேண்டும், அது இல்லையென்றால் 25 என்ற ஒரே புள்ளியோடு நிறுத்துங்கள். கல்லூரியில் இரும்பு சல்ஃபைடில் அமிலம் ஊற்றி வாயு தயாரித்துச் சோதிக்கலாமே என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அதில் கிளம்பும் செறிவு ஆளைக் கொல்லும், அளவும் தெரியாது.

ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் சில வினாடி சிலிண்டர் வாயு காட்டி, சைரன் அடிக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்குங்கள். செத்த செல்லும் சுத்தக் காற்றும் திரையில் ஒரே சுழியமாகத்தான் தெரியும். லெட் அசிட்டேட் தாளும் கையில் இருக்கட்டும். ஈரத் தாள் பழுப்பாகிக் கறுத்தால் அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. அளவைச் சரியாகச் சொல்லாது, ஆனால் கருவி பொய் சொன்னால் காட்டிக்கொடுக்கும்.

நானோ சென்சாருக்கு வருவோம். டின் ஆக்சைடு துகளின் மேற்பரப்பில் எலெக்ட்ரான் வற்றிய அடுக்கு ஏறக்குறைய 3 நானோமீட்டர் தடிமன் கொண்டது. துகளே 6 நானோமீட்டருக்குச் சுருங்கினால் முழுத் துகளும் அந்த அடுக்காகிவிடும், அதனால் துலக்கம் (வாயு பட்டதும் அசையும் அளவு) பலமடங்கு ஏறும். அதில் செம்பு ஆக்சைடு சேர்த்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கே உரிய ஒரு பிடி கிடைக்கிறது. செம்பு ஆக்சைடும் டின் ஆக்சைடும் சேரும் இடங்கள் மின்னோட்டத்தைத் தடுத்து நிற்கும். வாயு பட்டதும் செம்பு ஆக்சைடு உலோகம் போலக் கடத்தும் செம்பு சல்ஃபைடாக மாறும், தடை சடாரென்று விழும். ஆல்கஹால் இந்த மாற்றத்தைச் செய்யாது.

செய்முறை இதுதான். டின் டெட்ராகுளோரைடு பென்டாஹைட்ரேட் 3.51 கிராமை 100 மில்லி தூய நீரில் கரையுங்கள். புகை வரும், ஃபியூம் ஹூடுக்குள் செய்யுங்கள். கலக்கிக்கொண்டே நீர்த்த அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 8-க்குக் கொண்டுவந்தால் வெள்ளை வீழ்படிவு வரும். அதைக் கழுவிக்கொண்டே இருங்கள். கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் விட்டால் வெண்மை தோன்றாத நிலை வரும்வரை கழுவ வேண்டும். குளோரைடு தங்கினால் துலக்கம் செத்துவிடும், மாணவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தப் படியைத்தான். 100 டிகிரியில் உலர்த்தி, 500 டிகிரியில் 2 மணி நேரம் வையுங்கள், நிமிடத்துக்கு 3 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். இழப்பு இல்லையென்றால் 1.5 கிராம் கிடைக்கும். அதில் 5 மோல் சதவீதச் செம்புக்கு 0.12 கிராம் காப்பர் நைட்ரேட் ட்ரைஹைட்ரேட்டைக் கொஞ்சம் நீரில் கரைத்து ஊறவைத்து, உலர்த்தி, மறுபடி 500 டிகிரியில் சுடுங்கள். எத்தில் செல்லுலோஸ் கரைந்த டெர்பினியோலில் பசையாக்கி, சீப்புப் பல் போல் கோத்த தங்க மின்முனைகள் உள்ள அலுமினாத் தகட்டில் மெல்லப் பூசி, இன்னொரு முறை சுட்டால் சென்சார் தயார்.

மின்முனைக்கு வெள்ளிப் பேஸ்ட் மலிவு என்று போய்விடாதீர்கள். நம் சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைக்கும் அதே வேதிவினை இங்கேயும் நடந்து, மின்முனை சில்வர் சல்ஃபைடாகிவிடும். தங்கமோ பிளாட்டினமோதான் தாங்கும்.

இதை 150 முதல் 200 டிகிரியில் இயக்குங்கள். உண்டான செம்பு சல்ஃபைடு தானாக ஆக்சைடாகத் திரும்ப நேரமெடுக்கும்; ஒவ்வொரு அளவுக்குப் பிறகும் 300 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் ஏற்றி இறக்கினால் மீளும். ஆனால் அந்த மீட்சி நேரத்தில் அது குருடு. தொட்டியில் தொடர்ந்து அளக்க இது பொருந்தாததற்கு முக்கியக் காரணம் அதுதான். இன்னொரு சிக்கல்: சிலிண்டர் வாயு நைட்ரஜனில் கலந்து வந்தால் இந்தச் சென்சாரை அதில் நேராகக் காட்டக்கூடாது. ஆக்சிஜன் இல்லாமலேயே தடை இறங்கும், அதை வாயுவின் துலக்கம் என்று எழுதிவிடுவீர்கள். காற்றில் கலந்து 1 பிபிஎம்மாகத் தாருங்கள். மின்வேதி செல்லுக்குச் சில நிமிட நைட்ரஜன் பிரச்சினை இல்லை.

அறிக்கையில் குறைந்தபட்ச அளவை எப்படிச் சொல்வது? சுத்தக் காற்றில் பத்து நிமிடம் 100 அளவுகள் எடுத்து, திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கி, ஒரு பிபிஎம்முக்கான மில்லிவோல்ட்டால் வகுங்கள். விலக்கம் 0.4 மில்லிவோல்ட், சரிவு 11.2 என்றால் விடை 0.11 பிபிஎம். அதோடு நிற்காமல் 30, 60, 90 சதவீத ஈரப்பதத்தில் ஒரு முறையும், ஆல்கஹால், அசிட்டிக் அமில ஆவிகளில் ஒரு முறையும், ஒரு மாதம் கழித்து ஒரு முறையும் அளங்கள். அந்த மூன்று அட்டவணைகளும் இல்லாத நானோ சென்சார் அறிக்கையை நான் மதிக்க மாட்டேன்.

இதே சுற்றை வேறு செல்லோடு வேறு இடங்களுக்கும் மாற்றலாம். வெள்ளிப் பட்டறைகளில் நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரையும்போது எழும் பழுப்புப் புகை நைட்ரஜன் டைஆக்சைடு; அதன் மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடும் என்பதால் சுழியத்தை 67 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். அந்தப் புகையை மூச்சில் வாங்கியவருக்கு நுரையீரலில் நீர் கோப்பது மணிக்கணக்கில் தாமதமாகத் தெரியலாம், ஆகவே அப்போதைக்கு நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஹைட்ரஜன் சயனைடு செல் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கும் பலமாக அசையும். இரண்டும் உள்ள சேகோ தொட்டியில் இரண்டு செல்லையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்க முடியும். ஏற்காட்டில் காபிப் பழம் கழுவிய தண்ணீர் தேங்கும் குழிகளுக்கும் இதே கருவி ஆகும். ஆனால் அங்கே பனிமூட்டம்தான் எதிரி, நீர்ப்பொறியை அடிக்கடி வடியுங்கள்; வெப்ப அட்டவணையில் 10, 15 டிகிரியையும் சேருங்கள்.

ஒன்றை மட்டும் கருவியின் மேல் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்: "இது எச்சரிக்க மட்டும். உள்ளே இறங்க அனுமதி அல்ல." 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 36-ஆவது பிரிவு சொன்னபடி, தகுதி பெற்றவர் தாமே சோதித்து எழுத்தில் சான்று தந்த பிறகோ, சுவாசக் கருவியும் கயிறு கட்டிய பெல்ட்டும் அணிந்தோதான் இப்படிப்பட்ட இடத்துக்குள் போக முடியும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையவில்லை, மீத்தேன் இல்லை என்று சான்றளிக்கப்பட்ட நான்கு வாயுக் கருவி காட்ட வேண்டும். சுத்தக் காற்றை உள்ளே ஊதும் விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால், சுவாசக் கருவி இல்லாமல் இன்னொருவர் இறங்கக்கூடாது. உங்கள் கருவியின் சைரன் கேட்க வேண்டியது முதலில் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவருக்குத்தான், அதனால் ஒலிபெருக்கியை அவர் நிற்கும் பக்கமாகத் திருப்பி வையுங்கள்.